வீரசிங்கத்தின் பொறாமை

கண்டி திருகோணமலை வீதியில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்த வீரசிங்கம், அதுவரை கண்ணால் கண்டிராத ஒரு மனிதன் மீது ஏழு வருடம் பொறாமைப்பட்டுக்கொண்டிருந்தார். அந்த மனிதன் ஒல்லாந்து நாட்டில் மாடு வளர்க்கிறவன். பெயர் வில்லெம். அவன் செய்த குற்றம், வீரசிங்கத்தின் மனைவியை உயிரோடு காப்பாற்றி வைத்திருந்ததுதான்.

வீரசிங்கத்தின் தகப்பனார் சாவகச்சேரிக்காரர். ரயில்வே உத்தியோகத்தில் கண்டிக்கு வந்து அப்படியே தங்கிவிட்டவர். சுதந்திரம் கிடைத்த மறுவருடம் மகனைக் கண்ணாடித் தொழில் படிக்க லண்டனுக்கு அனுப்பினார். அங்கே மாணவர் விடுதிச் சமையலறையில் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தவள்தான் ரூத். மெலிந்த உடம்பு. சாப்பாட்டு மேசையில் எப்போதும் வாசலைப் பார்த்தபடிதான் உட்காருவாள். வீரசிங்கம் அதைக் கவனித்தார். பிறகு அவளைக் கவனித்தார்.

கலியாணத்துக்கு முன்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூங்கா வாங்கில் உட்கார்ந்து ரூத் தன் கதையைச் சொன்னாள். அவள் யூதப் பெண். ஊர் ஆம்ஸ்டர்டாம். ஜெர்மன்காரர் நாட்டைப் பிடித்த பிறகு அப்பா, அம்மா, தம்பி மூவரையும் ரயிலில் ஏற்றிக் கிழக்கே கொண்டுபோனார்கள். ஒருவரும் திரும்பவில்லை. பதினேழு வயதான அவளை மட்டும் வடக்கே ஒரு பண்ணைக்கு யாரோ கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். மாட்டுக்கொட்டிலில் வைக்கோலுக்குப் பின்னால் ஒரு பலகைச் சுவர். அதற்கும் உண்மைச் சுவருக்கும் நடுவே படுக்கலாம், நிற்க முடியாது. அதற்குள் இரண்டு மாரிகாலம். யூதருக்கு இடம் கொடுத்தவர்களையும் அந்த நாட்களில் பிடித்துக்கொண்டு போனார்கள். சிலரை வீட்டு வாசலிலேயே சுட்டார்கள். அப்படியிருந்தும் பண்ணைக்காரன் வில்லெம் அவளை வைத்திருந்தான்.

"இனிமேல் இதைப் பற்றி என்னிடம் கேட்கக் கூடாது" என்றாள் ரூத்.

வீரசிங்கம் சத்தியம் செய்து கொடுத்தார். கொடுத்தது எவ்வளவு பெரிய பிழை என்று பிறகுதான் அவருக்கு விளங்கியது. கேட்க முடியாத கேள்வி வயிற்றுக்குள் கிடந்து புளிக்கத் தொடங்கியது.

இரண்டு பேரும் கண்டிக்கு வந்து கட்டுக்கலையில் வீடு எடுத்தார்கள். இரண்டு வாசல் உள்ள வீடுதான் வேண்டும் என்று ரூத் பிடிவாதமாக நின்றாள். மாமியாரிடம் தமிழ் கற்றாள். வெள்ளைக்காரி ஒருத்தி சேலை உடுத்துக்கொண்டு, "இஞ்சருங்கோ, தேத்தண்ணி ஆறுது" என்று புருஷனைக் கூப்பிடுவதைக் கேட்க அக்கம்பக்கத்துப் பெண்கள் வேலியோரம் வந்து நின்றார்கள். பள்ளிவாசலுக்குப் பக்கத்தில் இருந்த சித்தி றலியா என்ற பெண்ணோடுதான் அவளுக்குக் கூடிய சிநேகம். றலியாவின் புருஷன் சாஹுல் ஹமீது, வீரசிங்கத்தின் கடைக்கு அடுத்த கடையில் வாசனைச் சரக்கும் விளக்குச் சாமானும் விற்றார்.

ஒருநாள் பால்காரன் கொண்டுவந்த பசு உதைத்துச் செம்பைக் கவிழ்த்துவிட்டது. ரூத் சேலையைச் செருகிக்கொண்டு குந்தினாள். பசுவின் விலாவில் நெற்றியை வைத்து, மெல்லச் சீழ்க்கை அடித்துக்கொண்டே பால் கறந்தாள். பசு அசையவில்லை. பால்காரன் வாயைப் பிளந்தான்.

"உமக்கு இது ஆர் பழக்கினது?" என்று வீரசிங்கம் கேட்டார்.

"வில்லெம்."

"சீழ்க்கையுமோ?"

"ஓம். அவன் அப்பிடித்தான் கறக்கிறவன்."

அன்று முழுவதும் கடையில் அவருக்கு வேலை ஓடவில்லை. சுவரில் எழுத்துப் பலகையைப் பார்த்து வாசிக்கிற ஆளை விட்டுவிட்டு வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தார். மாட்டுக்கொட்டில். இரண்டு மாரிகாலம். ஒரு இளம் ஆண், ஒரு இளம் பெண். மாட்டின் மடியில் அவள் கைக்கு மேலே அவன் கை. நெடிய, மஞ்சள் தலைமயிர் உள்ள ஒருவனாகத்தான் அவனை அவர் கற்பனை செய்திருந்தார். அவன் சாவுக்குத் துணிந்தவன். இவர் அவளுக்குச் சேலை வாங்கிக் கொடுத்தவர். எதை எதோடு வைத்து நிறுப்பது? ரூத் சிரித்தாலும் அந்தச் சிரிப்பு அவன் போட்ட பிச்சை என்று தோன்றியது. சாப்பிட்டாலும் அப்படித்தான். அவள் மூச்சு விடுவதே வேறொருவன் கொடுத்துவிட்டுப் போன சீதனமாக அவருக்குப் பட்டது.

ஐம்பத்தெட்டாம் ஆண்டு மே மாதம் நாட்டில் தமிழர்களை அடிக்கத் தொடங்கினார்கள். கண்டியில் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை என்று பிறகு சொன்னார்கள். ஆனால் அந்த நாட்களில் அது யாருக்குத் தெரியும்? பொலன்னறுவையில் கொலை, கொழும்பில் கடைகளுக்கு நெருப்பு என்று ரயிலில் வந்தவர்கள் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஒரு முற்பகலில் சாஹுல் ஹமீது கடைக்குள் ஓடி வந்தார்.

"ஐயா, கடய மூடுங்க. மார்க்கெட் பக்கம் ஆக்கள் சேர்றாங்க. நோனாவக் கூட்டிக்கிட்டுப் பின்பக்கத்தால எங்கட ஊட்டுக்கு வந்திருங்க."

"உமக்கேன் கரைச்சல், ஹமீது?"

"அதெல்லாம் கதைக்க இப்ப நேரமில்ல. வாங்க!"

ஹமீதின் வீட்டில் பின்னால் ஒரு களஞ்சிய அறை இருந்தது. ஹுன்னஸ்கிரியவில் இருந்து வந்த ஏலக்காயும் மிளகும் மூட்டை மூட்டையாக அடுக்கியிருந்தன. மூட்டைகளுக்குப் பின்னால் இரண்டு பேரையும் இருத்தி, முன்னால் இன்னும் மூட்டைகளை றலியா தானே இழுத்து அடைத்தாள். மத்தியானம் தாண்டி ஏழெட்டுப் பேர் வாசலில் வந்து நின்றார்கள். கண்ணாடிக் கடைத் தமிழன் எங்கே என்று சிங்களத்தில் கேட்டார்கள். நேற்றைய ரயிலில் யாழ்ப்பாணம் போய்விட்டான் என்று ஹமீது அமைதியாகச் சொன்னார். ஒருவன் நம்பவில்லை. பொய் சொன்னால் உன் வீடும் எரியும் என்றான். "எரிக்கிறதென்றால் எரியுங்கள், உள்ளே என் பெண்சாதி பிள்ளைகள் இருக்கிறார்கள்" என்றார் ஹமீது.

மூட்டைக்குப் பின்னால் வீரசிங்கம் ரூத்தின் கையைப் பிடித்திருந்தார். அந்தக் கை மீன் மாதிரிக் குளிர்ந்து கிடந்தது. அவள் கண்கள் திறந்திருந்தன, ஆனால் அவரைப் பார்க்கவில்லை. உதடு அசைந்தது. மூச்சோடு மூச்சாக ஒரு பெயரைச் சொன்னாள்.

"வில்லெம்."

பிறகு தன் பாஷையில் ஏதோ சொன்னாள். திரும்பத் திரும்ப அதையே சொன்னாள். "டூ டெ டூர் டிஹ்ட், வில்லெம். டூ டெ டூர் டிஹ்ட்."

வாசலில் நின்றவர்கள் போகிற போக்கில் ஹமீதின் கடையில் இருந்த விளக்குக் கண்ணாடிச் சிமினிகளை உடைத்துவிட்டுப் போனார்கள். ஆபத்து நீங்கியது. வீரசிங்கத்துக்கு நீங்கவில்லை. உயிர் போகிற நேரத்தில், தன் கையைப் பிடித்துக்கொண்டே, இன்னொருவன் பெயரைச் சொல்லி அல்லவா அழைத்தாள்!

ஊரடங்கு முடிந்து வீடு திரும்பிய பிறகும் அந்தச் சத்தம் அவர் காதில் இருந்தது. பொருள் தெரியாத மந்திரத்தை மனனம் செய்வதுபோல அதை மனதுக்குள் சொல்லிப் பார்த்தார். அன்பே என்றிருக்குமா? என்னைக் கூட்டிக்கொண்டு போ என்றிருக்குமா? ரூத்திடம் கேட்க முடியாது, சத்தியம். கண்டியில் ஒல்லாந்து பாஷை தெரிந்த வேறு ஆளும் இல்லை.

ஹமீதிடமும் அவரால் முன்போலப் பழக முடியவில்லை. தமிழனை ஒளித்து வைத்தவன் என்று பல மாதங்கள் சில வாடிக்கைக்காரர் ஹமீதின் கடைப்பக்கம் திரும்பவில்லை. ஒருநாள் கூட ஹமீது அதைச் சொல்லிக் காட்டியதில்லை. அந்தப் பெருந்தன்மைதான் வீரசிங்கத்தை இன்னும் சுட்டது. எந்த ஆபத்திலும் ரூத்தைக் காப்பாற்ற யாரோ ஒரு ஆண்பிள்ளை வந்துவிடுகிறான். அது ஒருபோதும் தானில்லை. அவர் மூட்டைக்குப் பின்னால் அவளோடு சேர்ந்து ஒளிந்தவர். அவ்வளவுதான்.

அடுத்த வருடம் தைப்பொங்கல் கழிந்து, ரூத் எப்போதோ எழுதியனுப்பியிருந்த முகவரிக்கு ஒரு தந்தி வந்தது. வில்லெம் பண்ணையை விற்றுவிட்டு ஆஸ்திரேலியாவில் குடியேறப் போகிறான், கப்பலில் இயந்திரக் கோளாறு, கொழும்புத் துறைமுகத்தில் சில நாள் நிற்கும், வந்து பார்க்கலாமா?

ரூத் தந்தியை வாசித்துவிட்டுக் கதிரையில் இருந்தாள். பிறகு எழும்பி, மா குழைக்கத் தொடங்கினாள். தன் பிறந்த ஊர்ப் பாண் அவள் கண்டியில் சுட்டது அதுதான் முதல் தடவை.

"நீரே போய்க் கொழும்பிலை இருந்து கூட்டிக்கொண்டு வாரும்" என்றார் வீரசிங்கம். அவள் வேண்டாம் என்று சொல்லுவாள் என்று எதிர்பார்த்தார்.

"ஓம், நான் போறன்" என்றாள் அவள்.

புகையிரத நிலையத்தில் காத்து நின்ற வீரசிங்கம், ரூத்தோடு இறங்கிய ஆளைக் கண்டு திகைத்தார். கட்டையான ஆள். வழுக்கை. வலது காலை இழுத்து நடந்தான். ஒரு காது கேட்காது. ஆகவே பேசுகிறவர் பக்கம் தலையைச் சாய்த்துக்கொண்டான். இவனா? ஏழு வருடமாக இவனோடா மல்லுக்கட்டினேன்? மனம் ஆறியிருக்க வேண்டும். மாறாக எரிச்சல்தான் கூடியது. அழகன் என்றாலாவது தோற்றதில் ஒரு நியாயம் இருந்திருக்கும்.

வீட்டில் இருவரும் தங்கள் பாஷையில் பேசினார்கள். அதிகம் பேசவில்லை, அதுதான் அவருக்குப் பொறுக்கவில்லை. ஒரு சொல் சொல்லுவார்கள், பிறகு சும்மா இருப்பார்கள். அப்படிச் சும்மா இருக்க எவ்வளவு பழக்கம் வேண்டும்! ரூத் அவன் கோப்பையில் கேளாமலே பால் ஊற்றினாள். அவன் கால் நீட்டுவதற்கு முன்பே முக்காலியை நகர்த்தி வைத்தாள். தன் மேசையில் தானே விருந்தாளியாகிப்போன வீரசிங்கம், புட்டைப் பிசைந்துகொண்டு இருந்தார்.

"விருந்தாளி எத்தின நாளைக்கு, ஐயா?" என்று கடையில் ஹமீது சிரித்துக்கொண்டு கேட்டார்.

"கப்பல் திருந்துமட்டும்" என்றார் வீரசிங்கம். "கெதியாத் திருந்தட்டும்."

மூன்றாம் நாள் காலை, ரூத் றலியாவிடம் போயிருந்த நேரம், வில்லெமைக் குளத்தைச் சுற்றிக் காட்டுவதாக அழைத்துக்கொண்டு போனார். வாகை நிழலில் மெதுவாக நடந்தார்கள். அவன் காலுக்காக அவர் நிற்க வேண்டியிருந்தது. கரைச்சுவரில் இருவரும் இருந்தார்கள். ஆஸ்திரேலியாவுக்கென்று படித்த ஆங்கிலம் கொஞ்சம் வில்லெமுக்கு இருந்தது.

"ஒரு வசனத்துக்குப் பொருள் சொல்ல வேண்டும்" என்றார் வீரசிங்கம். நல்ல காதுப் பக்கம் குனிந்து, மனனம் செய்து வைத்திருந்ததைச் சொன்னார். "டூ டெ டூர் டிஹ்ட்."

வில்லெமின் முகத்தில் இருந்த சிவப்பு வடிந்தது.

"இதை உங்களுக்கு யார் சொன்னது?"

"ரூத். போன வருடம் எங்களைக் கொல்ல ஆட்கள் வந்தபோது, ஒளிந்திருந்த இடத்தில் சொன்னாள். உன் பெயரையும் சேர்த்துச் சொன்னாள்."

வில்லெம் தண்ணீர்ப் பக்கம் திரும்பினான். பிறகு சொன்னான்:

"கதவைச் சாத்து. அதுதான் பொருள்."

வீரசிங்கத்துக்கு விளங்கவில்லை. வில்லெம் சொற்களைத் தேடித் தேடிச் சொன்னான். ரூத்தைப் பண்ணைக்குக் கொண்டுவந்தது அவன் இல்லை. அவன் தங்கை கிரீட்டா. அவன் வேண்டாம் என்று சண்டை பிடித்தான். பிடிபட்டால் எல்லோருக்கும் சாவு, நமக்கு இவள் யார் என்று கேட்டான். கிரீட்டா கேட்கவில்லை. ஒளிவிடத்தைக் கட்டியவள், சாப்பாடு கொண்டுபோனவள், பக்கத்தில் படுத்துக் கதை சொன்னவள், எல்லாம் அவள்தான்.

"என் தங்கை என்னோடு சிரித்துப் பேசினதில்லை. எங்கள் வீட்டில் யாரும் சிரிப்பதில்லை. இந்தப் பெண் வந்த பிறகு பலகைக்குப் பின்னால் இருந்து இரண்டு பேரின் சிரிப்பும் கேட்கும். நான் பால் கறந்துகொண்டு கேட்டுக்கொண்டிருப்பேன். என் வீட்டில், என் தங்கையோடு, எனக்குக் கிடைக்காதது எங்கிருந்தோ வந்தவளுக்குக் கிடைத்தது."

வீரசிங்கம் தலையைத் திருப்பி அவனைப் பார்த்தார்.

இரண்டாவது மாரியில், ஒளிந்திருப்பவர்களுக்கு உணவுக் கூப்பன் கடத்தியதாகக் கிரீட்டாவைப் பிடித்துக்கொண்டு போனார்கள். வில்லெமையும் பிடித்து அடித்தார்கள். காலும் காதும் அப்போது போனவை. அவனை விட்டார்கள், அவளை முகாமுக்கு அனுப்பினார்கள். அவள் செத்துப்போனாள் என்று செய்தி வந்த அன்று மத்தியானம், வில்லெம் கொட்டிலுக்குப் போனான். பலகையைக் கழற்றினான். வெளிக்கதவை அகலத் திறந்தான். வெளியே பனி. தெருவில் ஜெர்மன் வண்டிகள் போய்க்கொண்டிருந்தன.

"போ என்றேன். உன்னால்தான் என் தங்கை செத்தாள், நீ போ என்றேன். அவள் அசையவில்லை. கதவைச் சாத்து, வில்லெம் என்று சொன்னாள். அதையே சொல்லிக்கொண்டிருந்தாள். நான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எவ்வளவு நேரமோ தெரியாது. மாடுகள் குளிரில் கத்தத் தொடங்கிவிட்டன. பிறகு சாத்தினேன்."

"அதன் பிறகு?"

"சமாதானம் வரும்வரை நான்தான் சாப்பாடு வைத்தேன். பால் கறக்கப் பழக்கினேன். அன்றைய நாளைப் பற்றி நாங்கள் இருவரும் பேசினதில்லை. உலகத்தின் கடைசிக்குப் போகிறேன். அதைப் பேசலாம் என்றுதான் இங்கே வந்தேன். மூன்று நாளாக வாய் வரவில்லை."

வீரசிங்கத்துக்கு அந்த நேரத்தில் வந்தது இரக்கம் இல்லை. சந்தோஷம். கொழுத்த, வெட்கங்கெட்ட சந்தோஷம். இவன் பெயரை அவள் அன்பால் சொல்லவில்லை. பயத்தால் சொன்னாள். என் எதிரி வீரனே இல்லை! வீட்டுக்கு வருகிற வழியில் வில்லெமுக்குச் செவ்விளநீர் வாங்கிக் கொடுத்தார். அன்று மத்தியானம் தானே அவன் தட்டில் மீன் பரிமாறினார்.

வில்லெம் போகிற நாளும் வந்தது. ரூத்திடம் அவன் பேசினானா இல்லையா என்று வீரசிங்கத்துக்குத் தெரியாது. நிலையத்தில் அவள் கையை மட்டும் பிடித்துவிட்டு வண்டியில் ஏறினான். வண்டி பேராதனைப் பக்கம் வளைந்து மறைந்ததும் வீரசிங்கத்தால் அடக்க முடியவில்லை.

"உம்மடை வில்லெம் உம்மை வெளியிலை தள்ளப் பாத்தவன். தெரியுமோ?"

ரூத் அவரை நிமிர்ந்து பார்த்தாள். "தெரியாமலோ? நான்தானே அங்கை இருந்தனான்."

"பிறகேன் அவனைத் தலையிலை வைச்சுக் கொண்டாடினனீர்?"

"கதவைச் சாத்தினவன்." மேடையில் ஆட்கள் போய்வந்துகொண்டிருந்தார்கள், அவள் குரலைத் தாழ்த்தவில்லை. "தங்கச்சி செத்த அண்டைக்கு. காலும் காதும் போன பிறகு. என்னைப் பாக்கவே பிடிக்காமல் இருந்துகொண்டு சாத்தினவன். கிரீட்டாவுக்கு என்னிலை அன்பு, அவள் செய்தாள். இவனுக்கு அன்பில்லை. இருந்தும் செய்தவன். இஞ்சருங்கோ, நீங்கள் எண்டால் என்ன செய்திருப்பியள்?"

வீரசிங்கம் சட்டைப்பையில் மேடைச் சீட்டைத் தேடினார். அந்தக் கேள்விக்குச் சாகும்வரை தனக்குப் பதில் வராது என்று அவருக்கே தெரிந்தது. அவள் காத்து நின்று பார்த்துவிட்டு, "வாங்கோ, வெயில்" என்று நடந்தாள்.

அன்று பின்னேரம் அவர் ஹமீதின் கடைக்குப் போனார். எட்டு மாதம் சொல்லாத ஒரு நன்றியைச் சொன்னார். ஹமீது சரக்கு நிறுத்துக்கொண்டே, "இப்பத்தான் ஞாபகம் வந்திச்சா?" என்றார்.

வில்லெமைப் பற்றிய பொறாமை அதோடு போனது. ஆனால் பொறாமை போகவில்லை. அடுத்த வருடம் பிறந்த பெண் பிள்ளைக்குக் கிரீட்டா என்று பெயர் வைக்க வேண்டும் என்றாள் ரூத். தன் தாயின் பெயரை மனதில் வைத்திருந்த வீரசிங்கம் மறுத்துப் பார்த்தார். முடியவில்லை. இப்போது ரூத் அந்தப் பெயரை வீடு முழுவதும் ஒரு நாளைக்கு எத்தனை தடவையோ கூப்பிட்டாள். கூப்பிடும்போது அவள் குரலில் வந்த குழைவு மகளுக்கு மட்டும் உரியது இல்லை என்று அவர் காது சொன்னது. இருபத்து மூன்று வயதில் செத்த ஒரு ஒல்லாந்துப் பெண் தன் வீட்டில் தன்னைவிட அதிக உரிமையோடு இருக்கிறாள் என்று நினைத்தார்.

"வில்லெம் எண்டால் கிழவனாகிப் போனான்" என்று ஒருமுறை ஹமீதிடம் மனம் விட்டுச் சொன்னார். "இவள் கிழவியாகவே மாட்டாள்."

"நீங்க ஒரு விசர் மனிசன், ஐயா" என்றார் ஹமீது.

எழுபத்து நான்கில் ரூத் வயிற்றில் புற்றுநோய் வந்து கண்டி ஆஸ்பத்திரியில் இறந்தாள். எரிக்க வேண்டாம், பெட்டி அலங்காரம் வேண்டாம், பூ வேண்டாம், வெள்ளைத் துணியில் சுற்றி அன்றைக்கே மண்ணில் வைக்க வேண்டும் என்று வீரசிங்கத்திடம் சொல்லியிருந்தாள். அவளுடைய சனத்தின் முறை அது. கண்டியில் அந்த முறை தெரிந்த யூதர் ஒருவரும் இல்லை. சாவகச்சேரியில் இருந்து வந்த சொந்தக்காரருக்கு எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை. செய்தி கேட்டுச் சித்தி றலியா இரண்டு பெண்களோடு வந்தாள். "எங்கட முறையும் கிட்டத்தட்ட இதுதான். எனக்கிட்ட அவ சொல்லி வெச்சது" என்று சொல்லி அறைக்கதவைச் சாத்திக்கொண்டாள். உள்ளே தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டது.

வெளியே நின்ற வீரசிங்கத்துக்கு அப்போதும் நெஞ்சு எரிந்தது. குளிப்பாட்டுகிற முறையை றலியாவிடம் சொல்லி வைத்தவள் என்னிடம் ஏன் சொல்லவில்லை? கடைசிக் குளிப்பாட்டும் இன்னொருவர் கையால்தானா? அழுகை வரவேண்டிய இடத்தில் இதுவா வருகிறது என்று தன்னையே நொந்தார். மகள் கிரீட்டா வந்து அவர் தோளில் சாய்ந்தாள். அவளுக்குப் பதினான்கு வயது.

மஹியாவை மயானத்தில் குழி தயாராக இருந்தது. ரூத்தை இறக்கிய பிறகு, குழி வெட்டிய வேலைக்காரன் மண் தள்ள மண்வெட்டியை எடுத்தபோது வீரசிங்கம் அதைக் கையில் வாங்கினார். வேட்டியை மடித்துக் கட்டினார். ஹமீது உதவிக்கு முன்னால் வந்தார்.

"இல்லை, ஹமீது. இதை நான் செய்யிறன்."

மழை விட்டு ஈரமாகிப்போன, கனத்த மலைமண். ஐம்பதைத் தாண்டிய உடம்பு. இடையில் இரண்டு தடவை நின்று மூச்சு வாங்கினார். யாரும் அவசரப்படுத்தவில்லை. குழி நிறைந்து மேடாகும்வரை அவர் மண்வெட்டியை வேறு யாரிடமும் கொடுக்கவில்லை.